கல்லுக்குத் தெரிந்தது வடக்கும் தெற்கும் மட்டும்தானா?

டைனோசர்கள் எப்படி அழிந்தன என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள். ஒன்று விண்கல் கட்சி, இன்னொன்று தக்காண எரிமலைக் கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் பாறைக் காந்தம். "தக்காண லாவாவில் பெரும்பகுதி ஒரே தலைகீழ்க் காந்தக் காலத்தில் உறைந்தது. ஆகவே எல்லாம் திடீரென்று வெடித்தது. ஆகவே அதுதான் கொலைகாரன்!"

இதில் முதல் வாக்கியம் சரி. மற்ற இரண்டும் அதிலிருந்து வரவே வராது.

காந்தம் எங்கிருந்து வந்தது? லாவா ஆறும்போது, அதிலுள்ள டைட்டானோமேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்துப் பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பூமியின் காந்தம் பலமுறை வடக்கு தெற்காக, தெற்கு வடக்காகப் புரண்டிருக்கிறது. ஆக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் லாவா அடுக்குகளில் எது நேர், எது தலைகீழ் என்று பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கும். தக்காணத்தில் கிடைப்பது நேர், தலைகீழ், நேர். அவ்வளவுதான்!

இந்த எளிய வரிசை சாதித்தது கொஞ்சமல்ல. பழைய பொட்டாசியம்-ஆர்கான் கணக்குகள் தக்காண லாவாவின் வயதை 8 கோடி ஆண்டுகளிலிருந்து 3 கோடி ஆண்டுகள் வரை சிதறடித்திருந்தன. அத்தனை நீண்ட காலம் வெடித்திருந்தால் காந்தம் பல முறை புரண்டிருக்க வேண்டுமே! 1986-ல் பிரெஞ்சு விஞ்ஞானி வின்சென்ட் கூர்தியோவின் குழு இதைக் காட்டித்தான் மொத்த வெடிப்பையும் பத்து லட்சம் ஆண்டு அளவுக்குச் சுருக்கியது.

ஆனால் பெரும்பகுதி லாவா உறைந்த 29ஆர் என்ற அந்தத் தலைகீழ்க் காலம் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள் நீடித்தது. மனித இனத்தின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். இதற்குப் பெயர் திடீரென்றா? எரிமலை கக்கும் கந்தகம் உயர் வளிமண்டலத்தில் சில ஆண்டுகளுக்கு மேல் தங்காது. லாவா 7 லட்சம் ஆண்டுகளில் சீராகக் கசிந்திருந்தால், வானிலை ஒவ்வொரு முறையும் தேறியிருக்கும். பெரிய வெடிப்புகள் இடைவெளி விடாமல் வந்திருந்தால் கதையே வேறு. இந்த இரண்டில் எது நடந்தது என்பதுதான் வழக்கே. இரண்டே சொல் தெரிந்த நேர்-தலைகீழ் அகராதியில் அதற்குப் பதில் இல்லை.

பதில் கோணத்தில் இருக்கிறது. பூமியின் காந்தத் திசை புரளாத காலத்திலும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அடுத்தடுத்த பத்து அடுக்குகள் ஒரே கோணத்தைக் காட்டினால், அவை அநேகமாக ஒரு நூற்றாண்டுக்குள் கொட்டியவை. கோணம் எகிறினால் நடுவே ஓய்வு இருந்திருக்கிறது. மகாபலேஸ்வர் மலைச்சரிவில் 1200 மீட்டர் தடிமனுள்ள அடுக்குகளை இப்படி அளந்து 2008-ல் ஒரு பிரெஞ்சு-இந்தியக் குழு வெளியிட்டது. சீரான கசிவு அல்ல, விட்டு விட்டு வந்த பெரும் வெடிப்புகள் என்றது அந்த ஆய்வு. வழக்குக்கு வேண்டிய சாட்சி இதுதான். இதை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

"திரும்பவும் அதே கோணத்துக்குக் காந்தம் வந்திருக்கலாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு அடுக்குகளில் அந்தத் தற்செயல் நடக்கும். அதனால்தான் நடுவே உள்ள சிவப்பு மண் படுகையையும், அதாவது லாவா மக்குவதற்குக் கிடைத்த அவகாசத்தையும், சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கல் பொய்யும் சொல்லும்! மின்னல் விழுந்தால் பழைய காந்தம் கெடும். மழையில் தாது துருப்பிடித்தால் புதுக் காந்தம் ஏறும். மேலே வந்து விழுந்த சூடான லாவா கீழே உள்ளதன் நினைவை அழிக்கும். கல்லைப் படிப்படியாகச் சூடாக்கி, பிற்காலக் காந்தத்தைக் கழற்றி, எந்தத் தாது பேசுகிறது என்று சோதித்த பிறகே அளவை நம்பலாம். இந்த அலுப்பூட்டும் வேலையை "முன்தயாரிப்பு" என்று ஒதுக்குகிறவர்கள், அஸ்திவாரத்தை ஒதுக்கிவிட்டு மாடி கட்டுகிறவர்கள்.

காலக் கணக்காவது முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2019-ல் சயன்ஸ் இதழ் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. யுரேனியம்-ஈயக் கணக்கு, பேரழிவுக்குச் சற்று முன்பே ஒரு பெரிய வெடிப்பு இருந்தது என்றது. ஆர்கான் கணக்கோ பெரும்பகுதி லாவா பேரழிவுக்குப் பிறகுதான் வந்தது என்றது!

ஆகவே, "29ஆர், ஆகவே திடீர்" என்று அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால் இரண்டே கேள்விகள் போதும். எத்தனை அடுக்குகள் ஒரே கோணத்தைக் காட்டின? அந்தக் காந்தத்தைச் சுமப்பது எந்தத் தாது? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அவர் கல்லை வாசிக்கவில்லை. தனக்குப் பிடித்த தீர்ப்பைக் கல்லின் மேல் எழுதுகிறார்.