கோரிக்கை மனு: பட்டியலுக்கு முன் ஆசிரியர்

அனுப்புநர்
கோரமண்டல் பகுதி அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் சங்கத்தார்,
கோரமண்டல், கோலார் தங்கவயல்.

பெறுநர்
துணை இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை, கோலார் மாவட்டம்.
(வழி: வட்டாரக் கல்வி அலுவலர், தங்கவயல்)

நகல்: மாவட்ட ஆட்சியர், கோலார், சட்டமன்ற உறுப்பினர், தங்கவயல் தொகுதி.

பொருள்: தேர்ச்சி குறைந்த அரசுப் பள்ளிகளை மீட்டெடுப்பதும், அதற்கான பொறுப்பை உரியவர்கள் அனைவர்மீதும் நிர்ணயிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எஸ்.எஸ்.எல்.சி. (பத்தாம் வகுப்பு) தேர்வு முடிவு வெளியானதும் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பட்டியல் தயாராகிறது. தலைமை ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகிறது. அவர் பதில் எழுதுகிறார், கோப்பு மூடப்படுகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது காலியாக இருந்த பணியிடம் காலியாகவே இருக்கிறது. பட்டியல் போடாதீர்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர்களில் அலுவலகமும் உண்டு என்பதைப் பதிவு செய்யவே இந்த மனு.

2024ஆம் ஆண்டு தேர்வறைகளில் கேமரா வைத்து வெப்காஸ்டிங் முறையில் கண்காணித்தீர்கள். அதை நாங்கள் வரவேற்றோம். 2023இல் 83.89 சதவீதமாக இருந்த மாநிலத் தேர்ச்சி அந்த ஆண்டு 73.40 ஆக இறங்கியது. கருணை மதிப்பெண் வரம்பை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்திய பிறகும் இதுதான் நிலை. அப்படியானால் அதற்கு முன் எத்தனையோ வருடம் நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று பிரித்தது எந்தக் கணக்கை வைத்து? 2025 அக்டோபரில் தேர்ச்சிக்கான வரம்பை 35இலிருந்து 33 ஆகக் குறைத்து அறிவித்தார்கள். அடுத்து வரும் சதவீதம் ஏறினால் அதைப் பள்ளிகள் முன்னேறியதாக எழுதிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம்.

எண்ணை மட்டும் காட்டி மிரட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் சாட்சி. மதிப்பெண் ஏறாவிட்டால் வேலை போகும் என்ற நெருக்கடியில் ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தினார்கள். 2011இல் வெளியான விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளும் 178 கல்விப் பணியாளர்களும் சிக்கினர். நம் ஊரில் அது வேறு வடிவில், தேர்வறையில் கண்டும் காணாமல் இருப்பதாக, நடந்துகொண்டிருந்தது. கேமரா வந்தபின் அதற்கு வழியில்லை. ஆனால் கேமரா வந்த வேகத்தில் கணக்கு வாத்தியார் வரவில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கரும்பலகையில் இருக்கும் கன்னடப் பத்தியை ஒரு பிழையில்லாமல், முத்து முத்தாக நோட்டில் எழுதிவிடுவாள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறாள். கோலம் போடுவதுபோல எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். அவளுடைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது. மூன்று வருடம் கழித்து இவள் தேர்வில் தோற்றால், பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குத்தான் நோட்டீஸ் போகும். இவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால், அதற்கு ஏதாவது செய்திருக்க வேண்டும்.

தங்கவயல் தமிழர்கள் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று கூட்டங்களில் பேசப்படுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்கம் இறங்க வந்த கூலிகளின் ஊர் இது. அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் காலத்துக்குப் பிறகு 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் விளக்கு வைத்து அதை வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 2001இல் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் வேலைக்கு பெங்களூர் போக வேண்டியதாயிற்று. விடியும் முன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினால் வீடு திரும்ப இரவாகிறது. எஸ்.டி.எம்.சி. (பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு) கூட்டமோ வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கிறது. பெற்றோர் வருவதில்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். பிறகு தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காக வீடு தேடி வருகிறது. கன்னடத்தில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாமலேயே கையெழுத்துப் போட்ட தாய்மார்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதன்மையானது காலிப் பணியிடம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 26இன்படி ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக்கூடாது. அச்சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆசிரியர் வேண்டும். கெஸ்ட் டீச்சரை வைத்துச் சமாளிப்பதென்றால் அவர் பள்ளி திறக்கும் நாளிலேயே வர வேண்டும். பாதிப் பாடம் போனபின் வருபவரால் என்ன செய்ய முடியும்? ‘ஹெச்சுவரி’ (உபரி) என்று கணக்குக் காட்டி இருக்கும் ஆசிரியரையும் இடம் மாற்றும்போது, அவருக்குப் பிறகு அந்தப் பாடத்தை யார் நடத்துவார் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு பள்ளியின் பெயருக்கு எதிரிலும் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குற்றச்சாட்டு யார்மீது என்பது விளங்கிவிடும்.

அடுத்தது, ஆசிரியரின் நேரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 27. ஆனால் 2025 செப்டம்பரில் தொடங்கிய சமூக, கல்வி கணக்கெடுப்புக்காக ஆசிரியர்கள் வீடு வீடாக அலைந்தார்கள். அது முடியவில்லை என்று தசரா விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கெடுப்பு அவசியமானதுதான், எங்கள் சமூகங்களுக்கு அதனால் நன்மையும் உண்டு. ஆனால் போன நாட்களை ஈடுகட்டும் வகுப்புகள் முறையாக நடந்தனவா என்பதைப் பள்ளிவாரியாகத் தெரிவிக்க வேண்டும். அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை எடுக்கும்போதும் மாற்று ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வாசிப்பு. ஜூலையிலும் நவம்பரிலும் 2 முதல் 7 வரையுள்ள வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் வேண்டாம், பள்ளிக்குத் தரவரிசையும் வேண்டாம். முடிவைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். கர்நாடகத்துக்கு இது புதிதல்ல. 1995இல் ஹெச்.டி. கோட்டே தாலுகாவில் தொடங்கிய ‘நலி கலி’ ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கலாம் என்ற அடிப்படையில்தான் உருவானது. அதற்கு வழிகாட்டிய ரிஷிவேலிப் பள்ளி நம் எல்லைக்கு அப்பால் மதனப்பள்ளிப் பக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர்களை ஒருமுறை அங்கே அழைத்துப்போகலாம்.

வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளரும் பிள்ளைக்கு முதல் மூன்று வகுப்பில் தமிழில் எடுத்துச்சொல்லத் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது வேண்டும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழி கற்கப் போதிய வசதி செய்ய முயலும்படி அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு மாநிலங்களைக் கேட்கிறது. இதைக் கன்னடத்துக்கு எதிரான கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பிள்ளைகள் கன்னடம் நன்றாகப் படிக்க வேண்டும், பிழைப்பே அதில்தான் இருக்கிறது. தமிழ்வழிப் பிரிவுகளுக்குத் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி நூல்களைக் கேட்டுப் பெற்று, கோலார் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் மூலம் நம் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தலாம்.

எஸ்.டி.எம்.சி. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 22 கூறும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தமிழிலும் வாசித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கூறிப் பள்ளியை மூடி, தொலைவிலுள்ள இன்னொன்றோடு சேர்ப்பதைச் சீர்திருத்தம் என்று நாங்கள் ஏற்க மாட்டோம். ஆசிரியர் இல்லாததால்தான் பிள்ளைகள் குறைந்தார்கள்.

ஆசிரியர்களுக்காக வாதாடுவதாகவும் எண்ண வேண்டாம். மேற்சொன்னவற்றைச் செய்துகொடுத்து இரண்டு கல்வியாண்டு கழிந்த பின்னும் பிள்ளைகள் வாசிக்கவில்லையென்றால், தலைமை ஆசிரியரை மாற்றுங்கள். பள்ளிக்கு வராமல் கையெழுத்து மட்டும் போடுபவர்மீது துறை நடவடிக்கை எடுங்கள். அப்போது எங்கள் சங்கம் உங்கள் பக்கம் நிற்கும். அதேபோல் ஜூலை, நவம்பர் வாசிப்புப் பரிசோதனை நடக்கும் நாளில் சி.ஆர்.பி.யும் (தொகுப்பு வள நபர்) வட்டாரக் கல்வி அலுவலரும் நேரில் வந்து, கண்டதைத் தம் கையெழுத்துடன் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இம்மனுவைக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன் கீழான எழுத்துமூலப் புகாராகவும் ஏற்று, உரிய உள்ளாட்சி அமைப்பின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்பிரிவின்படி எங்களை நேரில் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விசாரணை ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தால் அனைவரும் வருவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கோரமண்டல் பகுதி அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் சங்கம்.

இணைப்பு: பெற்றோர் கையெழுத்துப் படிவங்கள், பள்ளிவாரியாகக் காலிப் பணியிட விவரம் கேட்கும் விண்ணப்பம்.