குழாயின் கடைசி முனையில் மட்டாஞ்சேரி

உலோக டோக்கன்களை வீசியெறிந்து, முண்டியடித்து எடுத்தவருக்கே வேலை என்ற 'சாப்பா' முறைக்கு எதிராகத் துறைமுகத் தொழிலாளர்கள் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிக் குண்டுகளை எதிர்கொண்ட மண் மட்டாஞ்சேரி. அதே தெருக்களில் மக்கள் இன்று தண்ணீர் லாரிக்காக முண்டியடிக்க நேர்கிறது.

மூவாற்றுப்புழை ஆற்றுநீர் பாழூரில் ஏற்றப்பட்டு, மரடில் சுத்திகரிக்கப்பட்டு மேற்குக் கொச்சிக்கு வருகிறது. வழியெங்கும் அடுக்குமாடிகள் பெருகப் பெருக, கடைசி முனையில் அழுத்தம் குறைகிறது. 2023 தொடக்கத்தில் பாழூர் மோட்டார்கள் பழுதானபோது இப்பகுதி வாரக்கணக்கில் தவித்தது. லிட்டருக்கு 1 பைசா கட்டண உயர்வு வந்ததும் அந்தப் பிப்ரவரியில்தான்!

கழிவுநீரின் கதை இன்னும் மோசம். எளங்குளம் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நெடுங்காலம் நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டராக மட்டுமே இருந்தது. பாதாளச் சாக்கடை நகரின் சிறு பகுதிக்கே உண்டு. நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் மட்டாஞ்சேரியில் கழிப்பறைத் தொட்டிகள் கசிந்து கல்வத்தி கால்வாயில் கலக்கின்றன. ஓதம் ஏறும்போது அந்நீரே வாசலுக்குத் திரும்புகிறது.

துருத்தியில் 394 குடும்பங்களுக்கு எழுந்த இரட்டை அடுக்குமாடிகள், பொது நிதியால் எது இயலும் என்பதைக் காட்டின. குடிநீரில் மட்டும் ஏன் வேறு பாதை? ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், கொச்சியின் குடிநீர் வினியோகத்தைச் சீரமைத்து நடத்தும் பொறுப்பைப் பிரான்சின் சுயஸ் நிறுவனத்திடம் தர வகைசெய்யும் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அது சரியான எதிர்ப்பே. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் முன்வைக்கப்பட்டது என்பதற்காக நாம் வாய்மூடியிருக்க இயலாது. பழங்குழாய்கள் மாற்றப்பட வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் இலாபக் கணக்கில் மட்டாஞ்சேரிச் சந்தின் கடைசிக் குழாய் என்றும் நட்டக் கணக்குதான்.

புதுப்பிப்பை நீர் ஆணையமே நேரடியாக மேற்கொள்ள வேண்டும். கழிவுநீர் இணைப்பு கால்வாயோரக் குடியிருப்புகளில் தொடங்க வேண்டும். இவ்விரு கோரிக்கைகளுடன் கிளைகள் வார்டுதோறும் மக்களைச் சந்திக்க வேண்டும்.