பெயர் யாருடைய சொத்து?

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்தில் பெரிய ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சின்னத் தொழில்களை எண்ணி முடியாது. ஊறுகாய் போடுவோர், மசாலாப் பொடி அரைப்போர், இட்லி மாவு விற்போர், தோல் பையும் பெல்ட்டும் தைப்போர், தையற்காரர், பறைக் குழுவினர், இன்னிசைக் குழுவினர், நாடகக்காரர் என்று சொந்த உழைப்பை நம்பிப் பிழைப்போர் ஏராளம். இவர்களிடம் நிலபுலம் இல்லை; பாங்கியில் கடன் கேட்டால் ஆயிரம் கேள்வி. பல வருஷ நாணயத்தால் சேர்த்த பெயர் ஒன்றுதான் இவர்களுடைய மூலதனம்.

அந்த மூலதனத்துக்கும் இன்று ஆபத்து வந்திருக்கிறது. தொழில் கொஞ்சம் தலைதூக்கியதும் ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. “இந்தப் பெயர் எங்கள் கட்சிக்காரருடைய பதிவு பெற்ற வியாபாரச் சின்னம். பெயர்ப் பலகையை உடனே இறக்கு; தவறினால் லட்சக்கணக்கில் நஷ்டஈடு” என்று மிரட்டுகிறது. நோட்டீஸைப் பார்த்தவர் மறுநாளே பலகையை இறக்கிவிடுகிறார். சட்டம் தன் பக்கம் இருக்கிறதா என்று விசாரிப்பதுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வியாபாரச் சின்னத்துக்கு 1940-ல் ஒரு சட்டம், 1958-ல் ஒரு சட்டம் வந்தன. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிபந்தனைகளுக்குப் பிறகு, 1999-ல் இயற்றிய சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குத் தோதான பல ஏற்பாடுகள் இதில் உண்டு. ஆயினும் சின்ன மனிதன் பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கொம்பும் இருக்கிறது. ஒருவர் ஒரு பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, அதைப் பதிவு செய்த தேதி, இந்த இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னாலிருந்தே நீங்கள் அந்தப் பெயரை விடாமல் பயன்படுத்தி வந்திருந்தால், அவர் உங்களைத் தடுக்க முடியாது. இது 34-வது பிரிவு. பதிவே இல்லாத பெயரை இன்னொருவர் திருடி, தம் சரக்கை உங்கள் சரக்கு என்று ஜனங்களை நம்பவைத்தால், அவர் மீது வழக்குத் தொடர 27-வது பிரிவு இடம் தருகிறது.

இதற்கு நம் தமிழ்நாட்டு அல்வாவே சாட்சி. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கிய வெளிச்சத்தில் மாலையில் மட்டும் வியாபாரம் நடக்கும் ஒரு கடை. ஜனங்கள் அதை “இருட்டுக்கடை” என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. எந்த விளம்பரக் கம்பெனியும் கூலி வாங்கிக்கொண்டு சூட்டிய பெயரல்ல அது. பின்னாளில் வேறொருவர் “திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா” என்று வியாபாரம் தொடங்கினார். அவரும் பதிவுப் பத்திரம் வைத்திருந்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: பதிவைக் காட்டிலும், முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது. பழைய கடை ஜெயித்தது.

ஆக, பெயர் பிறப்பது பதிவு ஆபீசில் அல்ல, கடை வாசலில் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பிறகு நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை இருக்கிறது.

நியாயம் கிடைக்கும், எப்போது?

புனாவில் 1992 முதல் “பர்கர் கிங்” என்ற பெயரில் ஓர் உணவுக் கடை நடந்து வருகிறது. அதே பெயருள்ள அமெரிக்கக் கம்பெனி இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்ததோ 2014-ல். ஆனால் இந்தியாவில் ஒரு கடைகூட இல்லாத 2011-லேயே அந்தக் கம்பெனி புனா கடை மீது வழக்குப் போட்டுவிட்டது. 2024-ல் புனா கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் ஹைகோர்ட்டு, அப்பீல் முடியும் வரை பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கணக்குப் பாருங்கள்: ஒரு பலகையில் இருக்கும் பெயருக்காகப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் கோர்ட்டு வாசல். அமெரிக்கக் கம்பெனிக்கு இது கணக்குப் புஸ்தகத்தில் ஒரு வரி. பம்மலில் மசாலா அரைக்கும் ஒரு குடும்பத்துக்கோ இது அஸ்திவாரத்தையே அசைத்துவிடும்.

வழக்குத் தொடுப்பவர் தாம் வியாபாரம் செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 134-வது பிரிவு. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. இருந்தும் பம்மல்காரரை டில்லிக்கு இழுக்க வழி அடியோடு அடைபடவில்லை. ரயில் சத்தமும் வக்கீல் பீஸும் சேர்ந்தாலே கடையின் முதல் கரைந்துவிடும். வழக்கில் தோற்பதற்கு முன்பே, வழக்கின் செலவில் தோற்றுப் போகிறான் சின்ன மனிதன். அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன வேலை?

வியாபாரச் சின்னம் என்பதே முதலாளிகளின் சமாசாரம், உழைப்பாளிகளின் இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அனகாபுத்தூர்த் தறிகளிடம் கேட்டால் பதில் கிடைக்கும். “ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்” என்ற கட்டம் போட்ட துணியை அங்கே நெய்தார்கள். அது கப்பலேறி நைஜீரியாவுக்குப் போயிற்று. மெட்ராஸ் கட்டத் துணியை 1958 வாக்கில் அமெரிக்காவில் சட்டையாக விற்றபோது, சலவையில் சாயம் போயிற்று. அங்குள்ள வியாபாரிகள் அந்தக் குறையையே பெருமையாக்கி விளம்பரம் செய்து பணம் குவித்தார்கள். “மெட்ராஸ்” என்பது உலகம் முழுதும் ஒரு துணியின் பெயராயிற்று. அந்தப் பெயரின் பலன் யாருக்குப் போயிற்று? சட்டை கம்பெனிகளுக்கு. நைஜீரியா இறக்குமதிக்குக் கதவடைத்தபோது நம் நெசவாளிகளின் தறிகள் ஓய்ந்தன. பெயர் ஊருடையது, உழைப்பு நெசவாளியுடையது, லாபம் மட்டும் வேறொருவருடையது!

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. 1966-ம் வருஷத்து பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் அமல் நடத்தியதும், தனியார் முதலாளிகள் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் நின்ற தொழிலாளிகள் 1969-ல் கண்ணூரில் கூட்டுறவு அமைத்து “தினேஷ் பீடி” என்ற பெயரை நாட்டினார்கள். லேபிளும் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. பின்னாளில் பீடி விற்பனை சரிந்தபோது, அதே “தினேஷ்” பெயரில் குடையும் தேங்காய்ப் பாலும் விற்றார்கள். பெயர் உழைப்பவன் கையில் இருந்தால் அது சோறு போடும்.

கலைஞர்களின் கதி

நாடகத் தந்தை சம்பந்த முதலியார் தம் பெயரோடு பம்மலையும் சேர்த்துத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனார். 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து அவர் அமைத்த சுகுண விலாச சபையின் பெயர் அவருக்குப் பின்னும் நிலைத்தது. இன்றைய குழுக்களுக்கு அந்தப் பாக்கியம் சுலபமில்லை. பாட்டும் நாடகமும் எழுதிய மாத்திரத்தில், பதிவு இல்லாமலே, பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழுவின் பெயரைக் காப்பது வியாபாரச் சின்னச் சட்டம்தான். பத்துப் பேர் வியர்வை சிந்தி வளர்த்த குழுவின் பெயரை ஒருவர் மட்டும் தம் பெயரில் பதிவு செய்துகொண்டால், மற்ற ஒன்பது பேர் கதி என்ன? குழு தொடங்கும் நாளிலேயே பெயர் எல்லோருக்கும் பொது என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஊர்ப் பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் குரோம்பேட்டை ஊராயிற்று. ஆனால் “பம்மல்” என்ற ஊர்ப் பெயரை ஒரு கம்பெனி தனக்கே என்று வேலி போட்டுக்கொள்ளச் சட்டம் லேசில் இடம் கொடாது. உங்கள் சொந்தப் பெயரை நாணயமாகப் பயன்படுத்துவதற்கும் 35-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சாட்சியம். பழைய பில், லேபிள், பெயர்ப் பலகையின் போட்டோ, நாடக நோட்டீஸ், லைசென்ஸ் ரசீது எதையும் எடைக்குப் போடாதீர்கள். “எனக்கு முந்தி” என்று நிரூபிப்பது இந்தக் காகிதங்கள்தான்.

இரண்டாவது, பதிவு. தனி நபரும் சிறு தொழிலும் இணையம் வழி விண்ணப்பித்தால் ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இதற்கான ஆபீஸ் வெகு தூரத்தில் இல்லை, நம் ஜி.எஸ்.டி. ரோடிலேயே கிண்டியில் இருக்கிறது.

மூன்றாவது, கெடு. உங்கள் விண்ணப்பத்துக்கு ஒருவர் ஆட்சேபணை கொடுத்தால், அது கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள்.

நான்காவது, பயப்படாதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீதே வழக்குத் தொடர 142-வது பிரிவு இடம் தருகிறது. வக்கீல் நோட்டீஸ் கோர்ட்டு உத்தரவு ஆகாது.

ஐந்தாவது, ஒற்றுமை. சங்கமாகச் சேர்ந்தவர்கள் கூட்டுச் சின்னம் பதிவு செய்யலாம் என்று இதே சட்டம் சொல்கிறது. தனித்தனியே நின்றால் தனித்தனியே உதைபடுவோம். அனகாபுத்தூர் நெசவாளர்களும், பம்மல் தோல் தொழில் செய்வோரும், ஊர்க் கலைஞர்களும் இதை யோசிக்க வேண்டும்.

சர்க்காருக்கும் நம் கோரிக்கைகள் உண்டு. தாம்பரம் மாநகராட்சியில் சிறு தொழிலுக்கும் கலைஞருக்கும் இலவச ஆலோசனை மையம் வேண்டும். நோட்டீஸ் பெற்ற ஏழைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் வேண்டும். சிறு தொழில் மீது தொடரும் வழக்கு அந்தத் தொழில் நடக்கும் ஜில்லாவிலேயே நடக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். கூட்டுச் சின்னப் பதிவுக்குக் கட்டணமே கூடாது.

இவற்றை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒருவருக்கு நோட்டீஸ் வந்தால், பலகையை இறக்க விடாதீர்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடுங்கள். பழைய பில்களைத் திரட்டுங்கள். ஒரே குரலில் பதில் எழுதுங்கள். உழைத்துச் சம்பாதித்த பெயர் உழைத்தவனுக்கே!