கடைக்குக் கொடுக்குமுன் ஒரு பற்குச்சி

சார்ஜரை மாட்டினால் ஒரு கணம் ஏறுகிறது, கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது. வயரை ஒரு பக்கம் வளைத்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்தால் மீண்டும் ஏறுகிறது. பழைய கையடக்கத் தொலைபேசி உள்ள வீடுகளில் இது தெரிந்த கதைதான். புதிது வாங்கிப் பழையதை அலுமாரிக்குள் போட்டுவிடலாம் என்றால், மகளின் கல்யாணப் படங்களும் மௌத்தான உம்மாவின் குரலும் அதற்குள்தான் இருக்கின்றன. கடைக்குக் கொடுக்கவும் மனம் வருவதில்லை. குடும்பத்துப் பெண்களின் படங்கள் உள்ள போனை முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி விட்டுவிட்டு வருவது? சகோதரிகளின் இந்தத் தயக்கம் நியாயமானதே. ஆகவே, கடைப்படி ஏறுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

இங்கு சொல்வது ‘மைக்ரோ யூஎஸ்பி’ எனப்படும், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய சின்ன வாயுள்ள போன்களைப் பற்றி. அதற்கு முன்பு கம்பனிக்கு ஒரு பின் இருந்தது. லாச்சி நிறையச் சார்ஜர் கிடந்தாலும் வேண்டிய நேரத்தில் ஒன்றும் பொருந்தாது. 2009இல் பெரிய கம்பனிகள் ஐரோப்பாவில் கூடி இந்த வாயைப் பொதுவாக ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிறிய நாக்கு ஒன்றும் அதில் ஐந்து மெல்லிய உலோகக் கோடுகளும் தெரியும். ஓரத்துக் கோடுகள் இரண்டும் மின்சாரத்துக்கு உரியவை. படங்களையும் குரல் பதிவுகளையும் கம்பியூட்டருக்குக் கடத்துபவை இடையில் உள்ளவை. சார்ஜ் ஏறியும் கம்பியூட்டரில் போன் தெரியவில்லை என்றால் இடைக்கோடுகளில் பழுது இருக்கலாம். அல்லது சார்ஜுக்கு மட்டும் செய்த மலிவு வயராக இருக்கலாம்.

இந்த வகையில் இறுகப் பிடிக்கும் வில்லுகள் வயரின் நுனியில் இருக்கின்றன, போனின் வாயில் அல்ல. தேய்ந்தால் வயர் தேயட்டும் என்று திட்டமிட்டுச் செய்தது அது. போனின் வாய் 10,000 தடவை மாட்டிக் கழற்றத் தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு தடவை மாட்டினாலும் 13 வருடத்துக்குப் போதும். ஆகவே முதலில் வேறொரு நல்ல வயரையும் சார்ஜரையும் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் விஷயம் இத்துடன் முடிந்துவிடும்.

வயர் முழுதாக உள்ளே போகாமல் தொளதொளவென்று விழுகிறதா? அப்படியானால் உள்ளே பஞ்சு அடைந்திருக்கிறது. கைப்பையிலும் சட்டைப் பையிலும் உள்ள நூல் தூசியை, ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் நாமே உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறோம். போனை அணைத்து, கழற்றக்கூடிய பெற்றரியானால் கழற்றி வைத்துவிட்டு, மரப் பற்குச்சியால் ஓரங்களை மெதுவாகச் சுரண்டி எடுங்கள். வருகின்ற அழுக்கைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஊசி, குண்டூசி, கொண்டை ஊசி எதுவும் வேண்டாம். நாக்கு வளைந்துவிடும், கோடுகள் ஒன்றோடொன்று தொட்டும்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், மென்மையான பிரஷில் ஒரு துளி ஐசோபுரொப்பில் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் வயரை வளைத்தால்தான் ஏறுகிறது என்றால், உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய இடம் வெடித்திருக்கக்கூடும். சார்ஜில் போட்டபடியே பேசுவதும், வயரைப் பிடித்து இழுப்பதும், பிள்ளைகள் அதில் தடக்குவதும்தான் பெரும்பாலும் காரணம். இது கடை வேலை.

ஆனால் அதற்கு முன் படங்களை வெளியே எடுத்துவிடலாம். பெற்றரி கழலும் போனென்றால், அதைத் தனியாக மாட்டிச் சார்ஜ் செய்யும் கிளிப் சார்ஜர் கடைகளில் கிடைக்கும். அதில் ஏற்றி, போனைத் திறந்து, எல்லாவற்றையும் மெமரி கார்டுக்கோ புளூடூத் மூலம் வேறு போனுக்கோ மாற்றுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்த பின்பே பழையதில் அழியுங்கள். இந்தச் சார்ஜரை இரவு முழுக்க மாட்டி வைக்காதீர்கள். பெற்றரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது.

கடைக்குப் போகும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். சில மாடல்களில் இந்த வாய் ஒரு சிறு தனிப் பலகையில் இருக்கும். பலகையை மாற்றினால் போதும். மற்றவற்றில் பழையதைச் சூடாக்கிக் கழற்றிப் புதியதை ஒட்ட வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே கேளுங்கள், கூலி அதைப் பொறுத்தது. இரண்டிலும் உள்ளே உள்ள படங்களை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கக் கடவுச்சொல்லும் தேவையில்லை. போன் அணைந்திருந்தாலும் பெற்றரி அடையாளம் திரையில் தெரியும். கேட்டால் கொடுக்காதீர்கள். நானாவையோ மகனையோ கூட அனுப்பி, வேலை முடியும்வரை அருகிலேயே நிற்கச் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன், வீட்டிலிருந்து கொண்டுபோன உங்கள் வயரையே மாட்டி, லேசாக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.