ஒலிவாங்கியை நாமே கையாள்வோம்

கடந்த ஆண்டு பருத்தித்துறையில் நடந்த ஒரு விழாவில் பேசச் சென்றிருந்தேன். மேடை ஏறும் நேரத்தில், கழுத்தருகே பொருத்தும் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கியுடன் ஒலியமைப்புக்கு வந்த அண்ணா ஒருவர் நின்றார். "இதை எங்கை பூட்டுறது, தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நானே அவசரமாக வாங்கிப் பர்தாவுக்குள் செருகிக்கொண்டேன். பேசிய ஐந்து நிமிடமும் துணி உரசும் சரசரப்பே சபைக்குக் கேட்டது. இரண்டு தடவை ஒலி அறுந்தும் போனது. வாரக்கணக்கில் பாடமாக்கிய உரை வீணாயிற்று.

குறை அந்த அண்ணாவில் இல்லை. கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததே குறை. பிறகு தேடிப் படித்தேன்.

கம்பியில்லா ஒலிவாங்கி ஒரு சிறு வானொலி நிலையம் போன்றது. அதிலுள்ள செலுத்தி நமது குரலை வானொலி அலையாக அனுப்ப, வாங்கி அதைப் பிடித்து ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. 600 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் கருவியின் அலைநீளம் 50 சென்ரிமீற்றர். நாம் பௌதிகவியலில் படிக்கும் அதே கணக்குத்தான். இந்த அலையை இரும்பு மறைக்கும், மனித உடல் உறிஞ்சும். ஆகவே வாங்கியை அலுமாரிக்குப் பின்னால் வைக்காமல், பேசுபவரின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு ஒலிவாங்கிகளுக்கு ஒரே மீடிறன் கூடாது. விழாவுக்கு முன் புதிய பற்றரி போட வேண்டும்.

கையில் பிடிப்பதற்கும் முறை உண்டு. வலைத்தலையைப் பொத்தினால் ஒலிபெருக்கி ஊளையிடும். அடிப்பகுதியைப் பொத்தினால் பெரும்பாலும் அங்கே இருக்கும் உணர்கொம்பு மறைந்துவிடும். நடுவில் பிடிப்பதே சரி. கடற்காற்று வீசும் திறந்தவெளி என்றால் பஞ்சுறை தேவை. பர்தா அணிபவர் ஒலிவாங்கியைத் துணிக்கு வெளியே குத்தி, சுற்றியுள்ள துணியை அசையாமல் ஊசியால் நிறுத்தினால் சரசரப்புக் குறையும்.

இதில் எது நம்மால் முடியாதது? கிராஅத், வரவேற்புரை, நிகழ்ச்சித் தொகுப்பு எல்லாவற்றையும் நாமே செய்கிறோம். ஒலியை மட்டும் ஏன் வெளியாரிடம் விட வேண்டும்?

"பெண்பிள்ளைகளுக்கு வயர் வேலை எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நீங்கள் பேணச் சொல்லும் அதே வெட்கத்துக்காகத்தான் இதைக் கேட்கிறேன். ஒரு மாணவிக்கு இன்னொரு மாணவி ஒலிவாங்கியைப் பொருத்திவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. விலையுயர்ந்த கருவியை உடைத்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கலாம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அதைவிட நொய்மையான கருவிகளை நம்மிடம் நம்பித் தருகிறார்களே!

ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் பழகட்டும். விழாவுக்கு முதல் நாள் ஒருவர் மேடையில் பேச, மற்றவர் கடைசி வரிசையிலிருந்து கேட்டுப் பார்க்கட்டும். இதற்கு ஒரு பின்னேரம் போதும்.

உரத்துப் பேச வராத சகோதரிகள் எத்தனையோ பேர் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். குரல் சிறியது என்பதால் மேடைக்கே வராமல் நிற்கிறார்கள். ஒலிவாங்கி உண்மையில் அவர்களுக்கானது. அதை அவர்கள் பயமின்றிக் கையில் எடுக்க, முதலில் நாம் பழகிக்கொள்வோம்.