திருவண்ணாமலை நூலகமும் ஜனங்களின் உரிமையும்

திருவண்ணாமலை நகரம் 2024ம் வருஷத்தில் மாநகராட்சி அந்தஸ்தைப் பெற்றது. இதனால் சந்தோஷமடையாத நகரவாசி இருக்க மாட்டார். அந்தஸ்து உயர்ந்தால் வரியும் பின்னாலேயே உயரும் என்பதை அறியாதவரும் இருக்க மாட்டார். ரஸ்தாவைப் பற்றியும், சாக்கடையைப் பற்றியும், குடிதண்ணீரைப் பற்றியும் நகரத்தார் கூடிப் பேசுகிறார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் சொத்து வரியோடு சேர்த்து ஜனங்களிடமிருந்து வசூலிக்கப்படும் மற்றொரு வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். அதற்கு நூலக வரி என்று பெயர். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் அது தண்டப்படுகிறது. வாசகசாலைப் படியை ஒருநாளும் மிதித்திராத வீட்டுக்காரரும் அதைச் செலுத்தியே வருகிறார். தாம் செலுத்துவது இன்னதென்று தெரியாமலே செலுத்துகிறார் என்பதுதான் விசேஷம்.

இந்த வரி எப்படி வந்தது என்பதை நேயர்களுக்கு ஞாபகப்படுத்துவது அவசியமென்று கருதுகிறோம். இங்கிலாந்தில் 1850ம் வருஷத்தில் பொது நூலகச் சட்டம் ஏற்பட்டு, நகரசபைகள் பவுனுக்கு அரைப் பென்னி வீதம் வரி போட்டு நூலகம் நடத்தலாம் என்று உத்தரவாயிற்று. நமது தேசத்தில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் 1910ல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நிபுணரை வரவழைத்து, தமது சமஸ்தானம் முழுவதும் இலவச நூலகங்களை ஸ்தாபித்தார். அன்னிய ஆட்சி நடந்த சென்னை மாகாணத்திலோ 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் ஒன்றைக் காட்டிக் காலங் கழித்தார்கள். பட்டணத்துக்கு வெளியே இருந்தவன் பட்டணம் போய்ப் படித்துவிட்டு வரவேண்டியதுதான்!

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், ராஜதானிக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். சீமைக்குச் சென்று நூலக சாஸ்திரம் பயின்று திரும்பியவர், கண்டுவந்ததை அப்படியே இங்கே நட்டுவிட முயலவில்லை. புஸ்தகம் பூட்டிவைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பதை ஆதாரமாகக் கொண்டு ஐந்து விதிகளை வகுத்து 1931ல் நூலாக வெளியிட்டார். அவரும் நண்பர்களும் 1928ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. அவர் தயாரித்த மசோதாவை 1933ல் ஜனாப் பஷீர் அகமது சயீது சட்டசபையில் கொண்டுவந்தும் நிறைவேறவில்லை. சுயராஜ்யம் வந்த பிறகே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948ம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையதே. அப்போது வரி ரூபாய்க்கு ஆறு பை, அதாவது பழைய கணக்கில் அரையணா.

நிற்க. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி எதுவென்றால், வசூலிப்பவர் ஒருவர், செலவிடுபவர் வேறொருவர் என்று அது பிரித்துவைத்திருப்பதே. நகராட்சியோ மாநகராட்சியோ சொத்து வரியோடு நூலக வரியையும் தண்டவேண்டும். தண்டியதை ஜில்லா நூலக ஆணைக்குழுவிடம் செலுத்திவிடவேண்டும். நம் வியாபாரிகள் மகமை என்று எடுத்துவைப்பார்களே, ஏறக்குறைய அதைப் போன்றது இது. மகமைப் பெட்டியிலிருந்து கடை வாடகை கொடுத்த வியாபாரியை ஊரார் என்ன சொல்வார்கள்? உண்டியல் பணத்தைச் சொந்த வீட்டுக் கூரைக்குச் செலவிட்ட தர்மகர்த்தாவை இந்தக் கோயில் நகரத்தில் எவரேனும் மன்னிப்பார்களா? நூலக வரியைப் பொறுத்தவரை ஸ்தல ஸ்தாபனம் தர்மகர்த்தாவே தவிர உடையவர் அல்ல. ரஸ்தா போட்டோம், சம்பளம் கொடுத்தோம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

தமிழ்நாட்டின் பல நகரங்களில் வசூலான நூலக வரி உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேருவதில்லை, பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்ற முறையீடு நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. திருவண்ணாமலையிலும் அப்படித்தான் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். சென்ற ஐந்து வருஷங்களில் வசூலானது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு? மூன்று எண்கள் போதும். 2005ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் எந்தப் பிரஜையும் இதைக் கேட்கலாம். ஒருவர் மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திராமல் மாநகராட்சியாரே முன்வந்து வெளியிடுவது அவர்களுடைய புதிய அந்தஸ்துக்கு அழகாயிருக்கும்.

இனிப் புஸ்தகங்களுக்கு வருவோம். புதிய நூல்கள் வந்துசேரும் காலத்தில் நூலகத்தில் ஒரு கலகலப்பு ஏற்படுவதைப் பார்த்திருக்கிறோம். கட்டுப் பிரிப்பதற்குள்ளேயே பழக்கமான வாசகர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கட்டில் என்ன இருக்கவேண்டுமென்று அவர்களை எவரும் கேட்டதில்லை. நூல்கள் பெரும்பாலும் தலைநகரில் தேர்ந்தெடுக்கப்பட்டு ஜில்லாக்களுக்கு அனுப்பப்படுகின்றன. கன்னியாகுமரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரே பட்டியல். இந்தக் கொள்முதலில் தாமதமும் சலுகையும் உண்டென்று பதிப்பாளர்கள் வெகுகாலம் குறைகூறி வந்தபின், 2024ல் அரசாங்கத்தார் வெளிப்படையான நூல் கொள்முதலுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். அதை வரவேற்கிறோம். ஆயினும் பட்டியல் வெளிப்படையாயிருந்தால் மட்டும் போதாது. அதில் திருவண்ணாமலைக்காரனுடைய விருப்பமும் ஏறவேண்டும்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறோம்? இந்த ஜில்லாவைப் பற்றி எழுதப்பட்டவற்றை மட்டும் சேர்த்தாலே ஓர் அலமாரி நிரம்பும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். அதே செங்கம் வட்டாரத்து நடுகற்களின் கல்வெட்டுகளை இரா. நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ல் வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்ட சாதாரண வீரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அரசர்களின் மெய்க்கீர்த்தியைவிட நமக்கு அது பெரிதாகத் தோன்றுகிறது. அருணாசலேசுவரர் கோயிற் கல்வெட்டுகளை முழுமையாகத் தொகுத்து 1990ல் அச்சிட்டவர்கள் யார்? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார். பிரெஞ்சுக்காரர் ஆதரவில் வெளிவந்த நம் கோயிற் சாசனங்கள் நம் ஊர்ப் பையன் கைக்கு எட்டாமலிருப்பது தகுமா? 1760ல் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட யுத்தத்தோடு தென்னாட்டின் தலைவிதியே மாறிற்று. வந்தவாசிப் பள்ளிப் பிள்ளை அதை ஒரு மார்க்குக் கேள்வியாகத்தான் அறிந்திருக்கிறது. ஜில்லா மைய நூலகத்தில் ‘நம் ஜில்லா’ என்று ஓர் அலமாரி தனியே அமைத்து, இவற்றையெல்லாம் அதில் வைத்து, வாசகன் தன் கையாலேயே எடுத்துப் பார்க்கும்படி செய்யவேண்டும்.

இக்காலத்தில் நூலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்கள். காலையில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, விளக்கு அணைக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கிராமத்து வீட்டில் தனியறை இல்லாத பெண்பிள்ளைக்கு அந்த மேஜையும் மின்விசிறியும்தான் கலாசாலை. இவர்களைப் பார்த்து, “இது வாசகசாலையா, பரீட்சைக் கொட்டகையா?” என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. அவர்களோடு நாம் சேரமாட்டோம். ஆனால் இடம் போதாமையால் கதை படிக்க வந்தவரும், பத்திரிகை பார்க்க வந்த முதியவரும், குழந்தையோடு வந்த தாயும் நின்றுகொண்டே புரட்டிவிட்டுத் திரும்பவேண்டியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பரீட்சை மாணவர்களுக்குத் தனிக் கூடம் கட்டினால் இரு சாராரின் குறையும் தீரும். கட்டப் பணம் ஏதென்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்று எண்களையே பதிலாகக் காட்டுகிறோம்.

நூலகங்களோடு வாசகர் வட்டங்கள் இயங்கி வருகின்றன. வந்தவாசிக் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தார் நூல் அறிமுகம், மாணவர் போட்டிகள் முதலியவற்றை உற்சாகமாக நடத்தி வருவதைப் பாராட்டுகிறோம். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரும் ஏற்பாடும் உண்டு. நமது கனவான்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு 12ல் நூலகர் தினமும், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரமும் கொண்டாடப்படுகின்றன. கொண்டாட்டம் வேண்டியதுதான். எனினும் ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. பல ஊர்களில் இவ்விழாக்களுக்குப் போயிருக்கிறோம். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை என்று மூன்று மணி நேரம் கழியும். மேடையிலுள்ள அனைவருக்கும் பொன்னாடை. ஒரு பொன்னாடை விலைக்கு ஒரு நல்ல புஸ்தகம் வாங்கலாம். கடைசிவரை எந்த நூலும் திறக்கப்படாமலேயே நூலக விழா முடிந்துவிடும்!

கூடிக் கேட்பது இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. எழுத்தறியாத குடியானவனும் கர்ணன் மோட்சத்தை வரிசை தவறாமல் சொல்லுவான். கேள்வியால் கல்வி பெற்ற இந்தக் கிராமத்து ஜனங்களை நூலகத்துக்குள் கொண்டுவர வழி வேறு தேடவேண்டியதில்லை. வாரம் ஒருநாள் மாலையில் ஒருவர் ஒரு நல்ல நூலை உரக்க வாசிக்கட்டும். மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கட்டும். மாதம் ஒருநாள் ஒரு வக்கீல் வந்து பட்டா, சிட்டா, பாகப்பிரிவினை பற்றிக் கேட்பவர்க்கு விளக்கட்டும். வைத்தியர் ஒருவர் வரட்டும். இதற்கு மேடையோ ஒலிபெருக்கியோ வேண்டாம், ஒரு ஜமக்காளம் போதும். வக்கீல் நண்பர்களைத் திரட்டித் தரும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.

ஜவ்வாது மலை வாசிகளின் நிலையை நினைத்தால் விசனமாயிருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்ப் பிள்ளைகள் மலையிறங்கி நூலகத்துக்கு வருவதென்பது நடக்கிற காரியமல்ல. புஸ்தகம்தான் மலையேற வேண்டும். இது முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மன்னார்குடியை ஞாபகப்படுத்துகிறோம். 1931ம் வருஷம் அக்டோபர் 21ல், கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர், ரங்கநாதனின் ஊக்கத்துடன், மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நிறையப் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்போது நூலகச் சட்டமில்லை, வரியுமில்லை, சர்க்காரும் நம்முடையதல்ல. இரண்டு மாடுகளும் ஒரு மனிதருடைய பிடிவாதமும் இருந்தன. இன்று சட்டமிருக்கிறது, வரியிருக்கிறது, மலைமேல் தார் ரஸ்தாவும் இருக்கிறது. ஒரு மோட்டார் வண்டி வாங்கி, வாரம் இருமுறை அனுப்ப என்ன தடை?

பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கானவர்கள் பதினாலு கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். அதே வண்டியை அன்றிரவு கிரிவலப் பாதையோரம் நிறுத்தலாமென்று நண்பர் ஒருவர் சொன்னபோது, சிவனைத் தேடி வருகிறவர்கள் புஸ்தகத்தையா தேடுவார்கள் என்று மற்றொருவர் நகைத்தார். அவர்கள் வழியில் பொம்மையும் வளையலும்கூடத் தேடி வரவில்லை. ஆனாலும் வாங்கிப் போகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1933ல் செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டுப் புஸ்தகங்களை அண்டை அயலாருக்குக் கொடுக்கத் தொடங்கியதே அந்நகரப் பொது நூலகத்துக்கு வித்தாயிற்று. ஏறக்குறைய 97,000 நூல்களோடு தெற்காசியாவின் சிறந்த நூலகங்களில் ஒன்றாக விளங்கிய அது, 1981ம் வருஷம் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் கொளுத்தப்பட்டது. ஒரு ஜாதியாரை அடக்க நினைப்பவன் முதலில் எதன்மேல் கைவைக்கிறான் என்பதை அந்த நெருப்பு காட்டிற்று. நம் ஊரில் அப்படிப்பட்ட பகைவன் இல்லை. இங்கே நூலகத்துக்கு நேரக்கூடியதெல்லாம், பணம் வராமல், கூரை ஒழுகி, புதிய நூல் நின்று, ஆள் குறைந்து, ஒருவரும் கேளாமல் கதவு மூடப்படுவதுதான். கிராமங்களில் பெரும் ஆரவாரத்தோடு கட்டிய ஊராட்சி நூலகங்கள் பல பூட்டிக்கிடப்பதைப் பார்த்தவர்கள் இதை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

வார்டு அங்கத்தினர்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது தங்கள் துண்டுப் பிரசுரங்களில் நூலகத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தார்களா என்று நேயர்கள் தேடிப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் இப்போது கேட்கட்டும். நூலக வரியின் வரவையும் செலுத்திய தொகையையும் மாநகராட்சியார் ஒரே ஒரு காகிதத்தில் எழுதி, நூலக வாசலில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும். பிரதியொன்று நமக்கு அனுப்பினால், பாராட்டத்தக்கதாயிருந்தாலும் கண்டிக்கத்தக்கதாயிருந்தாலும், ஓர் எழுத்தும் மாற்றாமல் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.