ஸ்டோர் சாவியும் தொழிற்பயிற்சியும்

தோட்டத் தொழில் என்றதும் பால்மரமும் உளியும் வாளியுமே எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அந்த உளியும் வாளியும் எங்கிருந்து வருகின்றன, ஆசிட்டும் அமோனியாவும் குறித்த நாளில் வந்து சேர யார் பொறுப்பு என்று கேட்பவர் சிலரே. ஸ்டோர் என்பது கிராணியின் காரியம், வெட்டுக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்றும் உண்டு. இந்த எண்ணம் மாற வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

ஆலையில் ஃபார்மிக் ஆசிட் தீர்ந்துபோனால் என்ன நடக்கும்? காலையில் வெட்டிய பால் உறைய வைப்பாரின்றித் தானாகவே உறைந்து, தரம் குறைந்து, மலிவு விலைச் சரக்காகிவிடும். பாலாகவே அனுப்ப வேண்டிய சரக்குக்கு அமோனியா இல்லையென்றால், லாரி ஆலை சேருமுன்பே திரிந்துவிடும். மழை ஓய்ந்து மரம் நன்றாகப் பால் கொடுக்கும் வேளையில் மங்கு போதவில்லை என்றால், வடிந்த பால் மண்ணுக்குப் போகும். ஸ்டோர் கணக்கில் அது ஒரு வரித் தவறு. வெட்டுக்காரர் வீட்டிலோ அது ஒரு நாள் அரிசி. எடைக்குக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஸ்டோரின் ஒழுங்கும் சம்பளக் கேள்விதான் என்பதை எவரும் மறுக்க முடியாது.

இந்த ஒழுங்குக்குப் பெயர்தான் சரக்கு நிர்வாகம். வாங்குவது, சேமிப்பது, கொடுப்பது, கணக்கு வைப்பது, ஏற்றி அனுப்புவது ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கும் கல்வி அது. கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அடிப்படை எளிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 10 லிட்டர் ஆசிட் செலவாகிறது. ஆர்டர் போட்டால் வந்து சேர 14 நாள் ஆகிறது. அப்படியானால் அந்த இடைவெளிக்கு மட்டும் 140 லிட்டர் கையில் வேண்டும். லாரி தாமதித்தால் சமாளிக்க இன்னும் 60 லிட்டர் சேர்த்துக்கொண்டால், இருப்பு 200 லிட்டருக்கு இறங்கிய அன்றே ஆர்டர் போய்விட வேண்டும். பீப்பாயின் அடி தெரிந்த பிறகு தந்தி அடிப்பதுபோல் ஓடுவது நிர்வாகமாகாது.

முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். ஆசிட்டையும் அமோனியாவையும் அடுத்தடுத்து அடுக்கக் கூடாது. ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இவை ஸ்டோரில் வேலை செய்பவரின் கண்ணையும் கையையும் காக்கும் பாடங்கள். பராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. எது தடை செய்யப்பட்டது, மிச்சமிருப்பதை என்ன செய்வது என்று அறியாதவரிடம் சாவியைக் கொடுத்தால், அதன் விளைவு தெளிப்பு வேலைக்குப் போகும் நம் பெண்களின் உடம்பில்தான் தெரியும்.

தரத்தின் சங்கதியும் இதுவே. 1965-ஆம் ஆண்டு நம் நாட்டு ரப்பருக்குத் தர நிர்ணய முறை ஏற்பட்டது. அம்முறையில் 20-ஆம் தரத்துக்கு அழுக்கு நூற்றுக்கு 0.16 பங்குக்கு மேல் போகக் கூடாது. 10-ஆம் தரத்துக்கு அது 0.08. ஒட்டுப்பாலோடு சாக்கு நாரும் பிளாஸ்டிக் கயிறும் சேர்ந்துவிட்டால் ஆலையில் எவ்வளவு கழுவினாலும் தீராது. டயர்க் கம்பெனிக்குப் போகும் சங்கிலியின் முதல் கண்ணி வெட்டுக்காரர் கையிலும் ஸ்டோரிலும்தான் இருக்கிறது.

“ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்க என்ன படிப்பு வேண்டியிருக்கிறது? பழைய கிராணியைப் பார்த்துப் புதியவர் கற்றுக்கொள்ளவில்லையா?” என்று நிர்வாகங்கள் கேட்கும். கற்றுக்கொண்டார்கள், உண்மை. பேரேட்டை மனப்பாடமாக வைத்திருந்த மூத்த கிராணிமார்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோட்டம் கைமாறியபோது, ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, அந்தத் திறமைக்குச் சாட்சியாக ஒரு காகிதமும் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் உள்ள கிடங்குகளில் மூட்டை தூக்கப் போகிறார்கள். அதே கிடங்கில் கணினி முன் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர் வேறொருவர். இருவருக்கும் இடையே இருப்பது அறிவின் தூரமன்று, பெரும்பாலும் ஒரு சான்றிதழின் தூரமே.

அந்தச் சான்றிதழுக்கு வழியில்லாமலும் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் ஐந்து படிகளைக் கொண்டது. முதல் மூன்று படிகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. வகுப்புக்கே போகாமல், பல்லாண்டு செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் பெறும் முறையும் அதில் உண்டு. இருபது ஆண்டு ஸ்டோர் பார்த்தவர் பள்ளிப் பிள்ளைபோல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி முதலாளிமார் பயிற்சி நிதிக்கு வரி கட்ட வேண்டும். 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் அதில் சேர்க்கப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி, அவர்களின் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சமமான தொகையைத் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். தொழிலாளியின் கூலியில் அதைப் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் நம் மக்களின் பயிற்சிக்கென்றே கட்டப்படுவது. ஆபீஸில் இருப்பவர்கள் மட்டும் பட்டணத்து ஓட்டலில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய் வருவதோடு அது தீர்ந்துவிட்டால், வெளிக்காட்டில் நிற்பவனின் பங்கு எங்கே?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, கட்டப்படும் பயிற்சி வரியில் எவ்வளவு, யாருக்காகச் செலவாயிற்று என்பதை ஒவ்வொரு நிர்வாகமும் தோட்டக் கமிட்டிக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, ஸ்டோர், கிடங்கு வேலைக்கான பயிற்சியில் கிராணிமாரோடு வெட்டுக்காரர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இடம் ஒதுக்க வேண்டும். பாடம் மலாயில் நடந்தாலும், புரியாத இடத்தைத் தமிழில் விளக்க ஒருவர் இருக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சிக்குப் போகும் நாள் சம்பள நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். கூலியை இழந்து கற்கச் சொல்வது ஏழைக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் முள்ளைப் பரப்புவதற்கு ஒப்பாகும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பொருளாக எடுத்துப் பேசட்டும். ஐந்தாண்டுக்கு மேல் ஸ்டோரிலோ ஆலையிலோ வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்யட்டும். கிராணிமார் தாம் அறிந்ததை மறைக்காமல், மாலையில் ஒரு மணி நேரம் இளைஞருக்குப் பேரேடும் இருப்புக் கணக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். கிராணி வேறு, தொழிலாளி வேறு என்ற பழைய சுவர் யாருக்குப் பயன்பட்டது என்பதை இரு சாராருமே அறிவர்.

சரக்கைச் சுமக்கும் தோளுக்குச் சரக்கின் கணக்கும் தெரிய வேண்டும். கணக்கு தெரிந்தவனை எளிதில் ஏமாற்ற முடியாது, எளிதில் விலக்கவும் முடியாது. பயிற்சி என்பது நிர்வாகம் மனமிரங்கித் தரும் வெகுமதி அன்று. நம் உழைப்பின் பேரில் கட்டப்பட்ட பணத்தில் நமக்குள்ள உரிமை. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோமாக!